மூணாம் மாடி, கேக்குதா?

எங்கள் பாட்டுக் குழுவில் நிலையாக இருந்தது மூன்றே பேர். பல் டாக்டர் பாடுவார். குழுவும் அவருடையதுதான். அச்சகத்தில் பிழை திருத்துகிற நான் கீபோர்டு. மூன்றாமவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பாட்டுக்கு அடியில் கனத்த நாதம் போடுகிற பேஸ் கிட்டார் வாசிப்பார். டிரம்ஸுக்கு அன்றைக்கு யார் அகப்படுகிறார்களோ அவர். மற்ற கிட்டார்களில் ஆறு கம்பி இருக்க, இவருடையதில் நாலுதான் என்பதால் டாக்டர் அவருக்கு நாலுகம்பி என்று பெயர் வைத்தார். அவருடைய அக்காவைத் தவிர ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

நாலுகம்பிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒல்லி, உயரம். பேச்சு மிகவும் குறைவு. பகல் முழுக்க லிஃப்ட் கூண்டுக்கு மேலே இருட்டில் உட்கார்ந்து இரும்புக் கயிற்றுக்கு கிரீஸ் தடவுகிறவர் யாரோடு பேசுவார்? அக்கா, அத்தானோடு ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் லிஃப்டை ஓட வைக்கிற மனுஷன் தினமும் அறுபத்திரண்டு படி ஏறித்தான் வீட்டுக்குப் போவார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

ஒருநாள் பழைய ஹோட்டல் ஒன்றில் லிஃப்ட் குழியைச் சுத்தம் செய்யப் போனவர், பக்கத்து அறையில் சலவைக்காரர்கள் இஸ்திரிப்பெட்டி வைக்கப் பயன்படுத்திய மேஜையைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அது மேஜை இல்லை. ஹோட்டலில் நடன ஹால் இருந்த காலத்தில் வாங்கிய பேஸ் ஆம்ப்ளிஃபையர். பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு போட்டது. கீழே இடுப்பளவு ஸ்பீக்கர் பெட்டி, மேலே வால்வும் சுவிட்சும் அடங்கிய இரும்புத் தலை. மேனேஜரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். "அப்பாடா, எடுத்துட்டுப் போங்க. இடம் காலியாகட்டும்" என்றாராம் அவர்.

எடுத்துக்கொண்டு போனது என்னவோ நானும் அவருடைய அத்தானும்தான். பெட்டியை நானும் நாலுகம்பியும் பிடித்தோம். தலையை அத்தான் ஒரு கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார். முதல் மாடியில் அத்தானுக்கு மூச்சு வாங்கியது. இரண்டாம் மாடியில் என் முதுகில் ஏதோ 'டக்' என்றது. அது இன்றைக்கும் மழை வருமுன் எனக்குச் சொல்லிவிடும். மூன்றாம் மாடி வாசலில் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னடா இது, ஃப்ரிட்ஜா, பீரோவா?"

"ஆம்ப்ளிஃபையர்க்கா."

"கூடத்துல ஒரு மூலையில உங்கத்தான் உக்காந்திருக்காரு. இன்னொரு மூலைக்கு இதுவா?"

அத்தான் தலையை இறக்கி வைத்துவிட்டுத் தன் மூலையில் போய் உட்கார்ந்தார். அக்கா விளக்குமாற்றை எடுத்து இன்னொரு மூலையைப் பெருக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பெட்டிக்கு இரண்டு சுவிட்ச். முதல் சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே நடக்காது. வால்வுகள் மெல்ல ஆரஞ்சு நிறத்தில் கனிய ஆரம்பிக்கும், அவ்வளவுதான். இரண்டு நிமிஷம் கழித்து அடுத்த சுவிட்சைப் போட்டால், யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகுதான் வாசிக்கலாம். ஆனால் வாசித்தால்! அந்தச் சத்தம் காது வழியாக வராது. உள்ளங்கால் வழியாக ஏறி முழங்காலில் கொஞ்சம் நின்று வயிற்றுக்கு வரும். முதல் நாள் தடித்த கம்பியை அவர் ஒரே ஒரு தடவை மீட்டியபோது அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, அத்தானின் மூக்குக்கண்ணாடி நழுவியது, நாலுகம்பியின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. அத்தானுக்கும் பெட்டி மேல் மெதுவாகப் பிரியம் வந்துவிட்டது. தலை நன்றாகச் சூடாகும் என்று கண்டுபிடித்து, மழைக்காலத்தில் சாக்ஸைக் காயப்போட அதன் மேலேயே கொடி கட்டினார்.

இரண்டாம் மாடியில் தையல்கார அம்மா இருந்தார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையில் குண்டூசி டப்பாவோடு மேலே வந்தார்.

"தம்பி, நீங்க வாசிக்கிறதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரு குறிப்பிட்ட சத்தம் வரும்போது மட்டும் என் மேஜையில இருக்கிற ஊசியெல்லாம் வரிசையா நடந்து போய் கீழ விழுது."

வேறு யாராவது என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நாலுகம்பிக்குக் கண் பளபளத்தது. "நடந்தா போகுது?" என்று உடனே கீழே ஓடினார். மாடியில் நான் அவர் கிட்டாரில் ஒவ்வொரு சுரமாக மீட்ட, அவர் கீழே மேஜைக்கு முன் மண்டியிட்டுப் பார்த்தார். குற்றவாளி, மேலிருந்து இரண்டாவது கம்பி. அதை விரல் வைக்காமல் சும்மா மீட்டினால்தான் ஊசிகள் கிளம்பின. அன்றிலிருந்து அந்தச் சுரத்தையே அவர் கை விட்டுவிட்டது. அதைத் தவிர்க்க எல்லாப் பாட்டையும் அரைச் சுருதி ஏற்றி வாசிக்கப் பழகினார். கை அப்படியே பழகிப்போனதால் மேடையிலும் அதுதான் வந்தது. எனக்குக் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். பாடுகிற டாக்டர்தான் பாவம். உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் அவரிடம் பல் பிடுங்க வந்தவரைப் போலவே கத்துவார்.

இதெல்லாம் சின்ன விஷயம். ஒரு சாயங்காலம் அவர் வாசித்து முடித்துக் கையை எடுத்த பிறகும் பெட்டி பேசியது.

"ஏழு, ஏழு. எங்க இருக்கீங்க? சுருக்கமா சொல்லுங்க."

அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். அத்தான், "நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

விஷயம் இதுதான். அடுத்த தெருவில் ஒரு டாக்ஸி கம்பெனியின் ஆபீஸ். அதன் கூரையில் உயரமான ஏரியல். வண்டிகளோடு வயர்லெஸ்ஸில் பேசுகிற அம்மாவின் குரலைக் கிட்டார் ஒயர் வாங்கி வால்வுக்குக் கொடுக்க, பெட்டி அதைக் கூடத்தில் போட்டது. ஆபீஸ் குரல் மட்டும்தான் வரும். டிரைவர்கள் சொல்கிற பதில் அவ்வளவு தூரம் எட்டாது. ஆகவே கேள்வி கேட்கும், பதில் இருக்காது. திட்டு கேட்கும், காரணம் இருக்காது. நாலுகம்பி ஒரு மாதத்தில் நாற்பது டிரைவர்களின் குணத்தையும் திட்டை வைத்தே தெரிந்துகொண்டார். ஒன்பது தூங்குகிற ஆள். முப்பத்தொன்று வாயாடி. பன்னிரண்டு எப்போதும், "இதோ வந்துட்டேன்" என்று வேறெங்கோ இருக்கிற ஆள்.

"எரிச்சலா இல்லையா?" என்று கேட்டேன்.

"நல்ல குரல்" என்றார். அவருக்கு அது நீண்ட பேச்சு.

டாக்டருக்கு அப்படித் தோன்றவில்லை. நூலகத்தின் புது ஹாலைத் திறந்து வைக்கிற அன்று எங்களுக்குக் கச்சேரி. பெட்டியையும் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். ஹாலும் டாக்ஸி ஆபீஸும் முதுகும் முதுகுமாக ஒட்டியிருந்தன என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. டாக்டர் தன் மிக மென்மையான பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கடைசி வரிக்கு முன் எல்லா வாத்தியமும் நின்று ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தில்தான் அது வந்தது.

"பன்னெண்டு, பன்னெண்டு. பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு அம்மா ரெண்டு சூட்கேஸோட அரை மணி நேரமா நிக்கிறாங்க. நீங்க எங்கயோ உக்காந்து பாட்டு கேக்குறீங்கபோல?"

மூன்றாம் வரிசையில் ஒரு குண்டு மனிதர் விருட்டென்று எழுந்தார். மேடையைப் பார்த்து, "இதோ வந்துட்டேன் மேடம்!" என்று கத்திவிட்டு வாசலுக்கு ஓடினார். ஹால் அதிரக் கைதட்டல். எல்லாம் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். டாக்டரின் கடைசி வரியை யாரும் கேட்கவே இல்லை.

"அந்தப் பெட்டியை சரி பண்ணுங்க. இல்லன்னா நானே பிடுங்கிடுவேன்" என்றார் டாக்டர். அவர் தொழிலில் அது வெறும் மிரட்டல் இல்லை.

மறுநாள் நாலுகம்பி டாக்ஸி ஆபீஸுக்குக் கிளம்பினார். புகார் சொல்ல என்றார். புகார் சொல்லப் போகிறவர் சட்டையை இஸ்திரி போட்டிருந்தது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. துணைக்கு நானும் போனேன்.

ஒரு சின்ன அறை. சுவரில் ஊரின் தெரு வரைபடம், நாற்பது ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் எண் எழுதிய வட்டத் தகடு. மேஜையில் மைக், பிஸ்கட் டின், முனகுகிற ஃபேன். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிய ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். நாற்பதுக்குள்தான் இருக்கும். டிரைவர்கள் அவரை மேடம் என்பார்கள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம், "லைன் பிஸி" என்று சொல்லியே பதினைந்து வருஷம் ஓட்டியவர் என்று பிற்பாடு தெரிந்தது.

"எந்த ஏரியா, எத்தனை பேர்?" என்றார் மேடம்.

நாலுகம்பி மைக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியில் கேட்ட குரல் உடம்போடு எதிரில் இருந்தது. நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"என் குரல் இவர் வீட்டுப் பெட்டியில வருதா? நம்ப முடியல."

"நேர்ல வந்து கேளுங்க" என்றார் நாலுகம்பி, எங்கிருந்தோ தைரியம் வந்து.

"நான் இங்க பேசினாத்தானே அங்க வரும்? நான் அங்க வந்துட்டா இங்க யாரு பேசுவா?"

நாலுகம்பி அதைப் பற்றி நெடுநேரம் யோசித்தார். யோசிக்கிற அழகைப் பார்த்து மேடத்துக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். "புதன்கிழமை எனக்கு லீவு. மாத்து ஆள் பேசுவான். அதைக் கேட்டா போதுமா?" என்றார்.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேடம் அறுபத்திரண்டு படி ஏறி வந்தார். அக்கா சாக்ஸ் கொடியை அவிழ்த்து, அத்தானுக்குப் புதுச் சட்டை மாட்டிவிட்டிருந்தாள். முதல் சுவிட்ச். இரண்டு நிமிஷம். அப்புறம் இரண்டாவது சுவிட்ச். பெட்டி செருமியது.

"எல்லா வண்டிக்கும் வணக்கம். மேடம் இன்னிக்கு லீவு. நிம்மதியா இருங்க. ஒன்பது, தூங்கறதா இருந்தா தூங்குங்க, எழுந்ததும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க." பிறகு மூக்கால் ஒரு பெண் குரல்: "சுருக்கமா சொல்லுங்க! நான் என்ன கதையா கேட்டேன்?"

நாலுகம்பி பேயறைந்தவர் போல ஆனார். பெட்டியை அணைக்கப் போன அவர் கையை மேடம் தடுத்தார். இன்னும் பத்து நிமிஷம் மாத்து ஆள் மேடத்தைப் போலவே பேசிக்காட்டி நாற்பது வண்டிகளையும் நடத்தினான். மேடம் முதலில் உதட்டைக் கடித்தார். அப்புறம் கண்ணாடி சங்கிலியோடு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இப்படியா பேசறேன்?" என்றார்.

"இல்ல. நீங்க இன்னும் தெளிவா" என்றார் நாலுகம்பி.

மறுநாள் ஆபீஸில், லீவு நாளில் யார் யார் என்ன செய்தார்கள் என்று மேடம் ஒவ்வொன்றாகச் சொல்ல, டிரைவர்களுக்கு வெலவெலத்துப்போனது. யார் காட்டிக்கொடுத்தது என்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். அதன்பின் ஒவ்வொரு புதன்கிழமையும் மேடம் வந்தார். வேவு பார்க்க என்றார். அக்கா பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு அத்தானையும் இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவாள். காயப்போடாத துணியை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெட்டி இப்படிப் பேசியது:

"மூணாம் மாடி, மூணாம் மாடி. கேக்குதா? சாப்டாச்சா?"

டாக்ஸி டிரைவர்களுக்குக் குழப்பம். மூணாம் மாடி என்று எந்த வண்டி? நாலுகம்பிக்கு அதைவிடக் குழப்பம். கேட்கிறது, ஆனால் பதில் சொல்ல வழியில்லை. பெட்டிக்குக் காது மட்டும்தான் உண்டு. ஆபீஸ் போனோ நாள் முழுக்க சவாரிக்காரர்கள் கையில். படியில் இறங்கி ஓடினார். தெருமுனையில் பன்னிரண்டாம் நம்பர் நின்றிருந்தது.

"அண்ணே, ஒரு உதவி. 'மூணாம் மாடி சாப்டாச்சு'ன்னு மேடம்கிட்ட சொல்லிடுங்க."

பன்னிரண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். புரிந்துகொண்டார். மைக்கை எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து நாற்பது வண்டிக்கும் விஷயம் தெரியும்.

இதற்கிடையில் டாக்டர் வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன, பெட்டி சரியாச்சா?"

"ஒரு ரெசிஸ்டர் மாத்தணும் டாக்டர். அது கிடைக்க மாட்டேங்குது."

அது எல்லாக் கடையிலும் கிடைக்கிற, அரிசியளவு சாமான். எனக்குத் தெரியும். அவர் சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தில் அது இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பிழை திருத்துவது என் தொழில்தான் என்றாலும் இந்தப் பிழையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் ஒத்திகைக்காக அவர் வீட்டில் கூடியிருந்தோம். பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. நாலுகம்பி திடீரென்று, "ஸ்க்ரூ ஒண்ணு வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து போனார். கால் மணி ஆகியும் வரவில்லை. நான், டாக்டர், அக்கா, அத்தான், கால்சட்டை அளவு சரிபார்க்க வந்த தையல்கார அம்மா, எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பெட்டி பேச ஆரம்பித்தது.

"பன்னெண்டு, சொல்லுங்க."

இடைவெளி.

"யாரு பேசறது? பன்னெண்டு, மைக்கை யார்கிட்ட குடுத்தீங்க?"

இடைவெளி.

"மூணாம் மாடியா? நீங்க ஏன் வண்டியில இருக்கீங்க?"

அக்கா மெல்ல எழுந்து நின்றாள்.

"சுருக்கமா சொல்லுங்க. லைன்ல நாப்பது பேர் இருக்காங்க."

இந்தத் தடவை இடைவெளி நீண்டது.

"கேக்கல. திரும்பச் சொல்லுங்க."

"ஐயையோ" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் ஒரு தடவை சொன்னதே பெரிசு!"

இடைவெளி.

"இப்ப கேட்டுது."

"என்ன கேட்டுது? என்ன கேட்டுது?" என்று டாக்டர் பெட்டியைப் பிடித்து உலுக்கினார். பெட்டி அவருக்குப் பதில் சொல்லவில்லை.

"முப்பத்தொண்ணு, குறுக்க பேசாதீங்க. உங்களை யாரும் கேக்கல. ஒன்பது, ஹார்ன் அடிக்காதீங்க. தூங்கறப்பவே நீங்க தேவலை."

மறுபடி ஒரு மௌனம். வால்வுகளின் முனகல் மட்டும். மேடத்தின் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது.

"மூணாம் மாடி. எனக்குச் சம்மதம். லைனை விடுங்க. பதினேழு, ஸ்டேஷன் வாசலுக்குப் போங்க."

அக்கா அறுபத்திரண்டு படியையும் எப்படி இறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் தெருமுனைக்கு ஓடியபோது அவள் காலில் ஒன்று அவளுடைய செருப்பு, மற்றது அத்தானுடையது. பன்னிரண்டாம் நம்பர் வண்டியில் நாலுகம்பி மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஒயரெல்லாம் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள, வியர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு அவருக்கு விசிறிவிட்டுக்கொண்டிருந்தார். அக்கா கதவைத் திறந்து தம்பியின் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். தையல்கார அம்மா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, "கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க தம்பி" என்று தோளை அளக்க ஆரம்பித்தார். "கோட்டு நான்தான் தைப்பேன். வேற யாருக்கும் குடுக்கக் கூடாது."

அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று அவரிடம் பலமுறை கேட்டுவிட்டேன். சொல்ல மாட்டார். பன்னிரண்டைக் கேட்டால், "அதெல்லாம் லைன் ரகசியம்" என்பார். நாற்பது பேர் கேட்ட ரகசியம்!

கல்யாணமானதும் நாலுகம்பி மேடத்தின் வீட்டுக்குக் குடிபோனார். தரைத்தளம், டாக்ஸி ஆபீஸ் இருந்த அதே தெரு. பெட்டியை மறுபடி நானும் அவரும் இறக்கினோம். தலையைக் கொடுக்க அத்தான் நெடுநேரம் மறுத்தார்.

புது வீட்டில் முதல் புதன்கிழமை ஒத்திகைக்கு நானும் டாக்டரும் போயிருந்தோம். பெட்டியைப் போட்டதும் மாத்து ஆள், ஒன்பதை எழுப்பிக்கொண்டிருந்தான். மேடம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆறு நாள் ஆபீஸ்ல கேக்கறேன். வீட்லயுமா? இதை சரி பண்ண முடியாதா?"

"ஒரு ரெசிஸ்டர் போட்டா..." என்று நாலுகம்பி இழுத்தார்.

"எங்க கிடைக்கும்?"

அவர் டாக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தார். வால்வுப் பெட்டிக்குள், ஒயரைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை முறையாக இறக்கிவிட்டு, முதல் வால்வின் வாசலில் அரிசியளவு சாமானைப் பற்றவைத்து மூட அவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டர் பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டு மாசமா கிடைக்கலன்னீங்களே?"

நாலுகம்பி அசடு வழிந்தார். மேடம் பொட்டலத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வெட்கத்தில் முகம் சிவந்து, எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர் திரும்பி வந்ததும் முதல் முறையாகக் குறுக்கே யாரும் பேசாமல் ஒரு முழுப் பாட்டு வாசித்தோம். மேடம் கவனமாகக் கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

"டாக்டர் பாடறது கேட்டுது. கீபோர்டு கேட்டுது. நீங்க வாசிச்சது எது?"

டாக்டர் குபீரென்று சிரித்துவிட்டார். நாலுகம்பிக்குக் கோபம் வரவில்லை. இருபது வருஷமாக எல்லோரும் கேட்பதுதான். "மறுபடி பாடுங்க. நான் பாதியில நிறுத்தறேன்" என்றார்.

பாதியில் நிறுத்தினார். பாட்டு நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அறையிலிருந்து தரையை உருவிவிட்ட மாதிரி இருந்தது. மேடம் சட்டென்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓ, அதுவா" என்றார். "நிறுத்தாதீங்க, வாசிங்க."